வந்த துணியை அளக்கிறவள்

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க அம்மிணி. இந்தப் பையைக் கீழே வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள், மடியில் வைத்தால் என் கால் மரத்துப் போகும். உள்ளே வெல்லம் போட்ட கச்சாயம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்று காலையில் எழுந்ததும் எழாததுமாகச் சுட்டது. நசுங்கிவிட்டால் அத்தனை பாடும் வீண். இருங்க, ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்.

"சரசு, நான்தான். ஒரு எட்டு போயி கேஸைப் பாத்துட்டு வந்துடறயா? சாவி உங்க செம்பருத்தித் தொட்டிக்குப் பின்னாலதான் இருக்குது… தெரியும் சரசு. போன வாரமும் மூடித்தான் இருந்துச்சு. அது போன வாரம். இன்னைக்கு எப்படி இருக்குதுன்னு பாரு. கோவிச்சுக்காதே சாமி."

சிரிக்கிறீங்க. சிரிங்க, எல்லாரும் சிரிப்பதுதான். பஸ் கிளம்பிவிட்டால் எனக்கு மனசு கேட்காது. மூடியது கைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அடுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்பது கைக்கு எப்படித் தெரியும்? யாராவது போய்ப் பார்த்தால்தானே தெரியும்? சரசு பாவம். பக்கத்து வீட்டில் குடியிருக்கிற தோஷம் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புறீங்களா? பேங்கிலா வேலை? ஹாஸ்டலில் தங்கியா? என் பொண்ணும் இப்போது ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். பீளமேட்டில். கல்யாணமான பொண்ணு, கோயமுத்தூரிலேயே சிங்காநல்லூரில் வீடு வாசல் புருஷன் எல்லாம் இருக்கிற பொண்ணு, ஹாஸ்டலில் ஒரு கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள். கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? புருஷன் அடித்தானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. பின்னே என்ன? ஒரு செக்கிங். மிஷினுக்குள்ளே இவள் எழுதி வைத்த ஒரு செக்கிங். அதை எடு என்கிறார் அவர், எடுக்கமாட்டேன் என்கிறாள் இவள். இதற்காகக் குடும்பம் பிரிந்து நிற்கிறது என்றால் நீங்க நம்புவீங்களா? எனக்கு ஓய்ந்து போச்சு அம்மிணி.

செக்கிங் என்றால் எனக்குத் தெரியாதா? நானே செக்கிங்தான். ஏழாவதோடு படிப்பை நிறுத்தி பனியன் கம்பெனிக்கு வந்தவள், இன்று வரைக்கும் அதே வேலை. துளசிமணி என்று பேர் சொன்னால் அனுப்பர்பாளையத்தில் தெரியும். மேகலாவை அந்தச் சம்பாத்தியத்தில்தான் இஞ்சினியரிங் படிக்க வைத்தோம். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்கு மிஷின் செய்கிற கம்பெனியில் வேலை. ஐசியூவில் படுத்திருப்பவர்களுக்கு ஊசி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்பு. அதற்கு இவள் டிரைவர் எழுதுகிறாள்.

ஊரில் ஒருத்தரிடம் அப்படிச் சொல்லப் போய் "லாரியா காரா?" என்று கேட்டார்கள். அதோடு வெளியே சொல்வதை விட்டுவிட்டேன். விஷயம் என்னவென்றால், மிஷினுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மருந்தைத் தள்ளுகிற மோட்டார் ஒரு போர்டில் மாட்டியிருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சொன்னதைச் சொல்லுகிற ஆள்தான் டிரைவர். கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். மிஷினுக்கு அடிவயிறு மாதிரி. இவள் எழுதுவது அதற்குள்ளே போய் உட்காரும். மேலே எது கெட்டாலும் அதை மட்டும் மூடித் திறந்துகொள்ளலாமாம். அடிவயிற்றில் கெட்டால் மொத்தமும் போச்சு. இதெல்லாம் அவள் சொன்னது. எனக்கு இவ்வளவுதான் தெரியும், இதற்கு மேல் கேட்காதீங்க.

மாப்பிள்ளை தரணீதரனும் அதே கம்பெனிதான். இவள் எழுதுவதைப் பார்த்து சரி என்று சொல்லுகிற இடத்தில் இருப்பவர். ஜாதகம் வந்தபோதே எனக்கு அது பிடித்துப் போச்சு. காலையில் ஒன்றாகப் போய் சாயங்காலம் ஒன்றாக வரலாம், வேறென்ன வேண்டும்?

அப்படியும் நான் விசாரிக்காத விசாரணையா? ஜாதகத்தை இரண்டு ஜோசியரிடம் காட்டினோம், ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குத் தெரியாமல். குடி உண்டா, சிகரெட் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனசு சரியில்லாமல் போனதுண்டா, எல்லாம் கேட்டாச்சு. அதோடு விட்டேனா? வாடகைக்கு வீடு பார்க்கிறவள் மாதிரி நானே அவர்கள் தெருவுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மாள் கதவைத் திறந்து "வீடெல்லாம் காலி இல்லீங்க" என்றாள். "பரவால்லீங்க, அக்கம் பக்கம் ஆளுக எப்படி?" என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்தக் கோடி வீட்டுப் பையன் தங்கமான பையனுங்க" என்றாள் அவள். "தண்ணி லாரி வந்தாப் போதும், கீழ வந்து நின்னுக்குவான். யாரு எத்தன கொடம் புடிக்கறாங்கன்னு கண்ணை எடுக்காமப் பாப்பான். ஒருத்தரு ஒரு கொடம் எச்சாப் புடிச்சுட்டுப் போக முடியாது."

எனக்கு வயிறு குளிர்ந்து போச்சு. இவ்வளவு பொறுப்பான பையனை விட்டுவிடுவதா? வீட்டுக்கு வந்ததும் மேகலா அப்பாவிடம் பேசி முடித்துவிடலாம் என்றேன். அவர் எதற்குமே வாய் திறக்காத மனுஷர். "நீ பாத்தாச் செரி" என்றார். நான் பார்த்தேன். எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தோம். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அவிநாசி வந்தாச்சா? இங்கே ரொம்ப நேரம் போட்டுவிடுவான். வெள்ளரிக்காய் வேண்டுமா? வேண்டாமா? சரி.

தையில் கல்யாணம். மாசியிலேயே ஒரு நாள் போன் பண்ணினாள். பேச்சே கேட்கவில்லை, பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். "எங்க இருந்து பேசறே?" என்றேன். "பாத்ரூம்ல இருந்தும்மா. டேப்பைத் தொறந்து விட்டிருக்கேன், வெளிய கேக்கக் கூடாதுன்னு." எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஊரெல்லாம் தண்ணிக்குத் தவிக்குது, மொதல்ல டேப்பை மூடு. இப்படியா குடும்பம் நடத்தறது?" என்றேன். மூடினாள். மூடினதும் போனையும் வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பாத்ரூமே கிடையாது, இவளுக்கு இருக்கிற வசதிக்கு…

சரி, அது இருக்கட்டும். ஆடி நோம்பிக்கு இரண்டு பேரையும் அழைத்தோம். புதுசாகக் கட்டிக்கொடுத்த பொண்ணை ஆடிக்கு அழைத்து வந்து சில நாள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். உங்கள் பக்கமும் உண்டுதானே? மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே கிளம்புகிறதாக ஏற்பாடு. இலை போட்டு, வறுவல், குழம்பு எல்லாம் வைத்து நான் பரிமாறுகிறேன், இவர்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு நடுவிலும் அதே பேச்சு.

"கம்பைல் ஆகுதில்ல? அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" என்கிறார் அவர்.

"கம்பைல் பண்றப்போ நாம சொன்ன அளவைத்தான் அது பாக்கும். வர்ற போர்டு அந்த அளவுல வருதான்னு யாரு பாக்கறது?"

"சப்ளையர் உறுதி சொல்லியிருக்கான்."

"சொன்னாப் போதுமா?"

"என்ன கண்ணு, சாப்பிடறப்போ" என்றேன் நான். மாப்பிள்ளை உடனே என் பக்கம் திரும்பினார். என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. உங்க கம்பெனில பேட்டர்ன் மாஸ்டர் இருக்காருல்ல? கழுத்து, கை, ஒடம்பு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு அட்டையிலயே பாத்துடறாரு. தப்பு இருந்தா துணிக்கு மேல கத்திரியே போகாது. எங்க வேலையில அதுக்குப் பேரு கம்பைல் செக். எழுதி முடிச்சதும், மிஷினுக்குள்ள போறதுக்கு முன்னாடியே, தப்பு இருந்தா வெளிய தள்ளிரும். அவ்வளவு பாத்து அனுப்பினதுக்கு அப்புறமும் உங்க பொண்ணு மிஷின் ஓடறப்போ ஒரு தரம் பாக்கணும்ங்கறா. ரன்டைம் செக். அப்படின்னா அந்த மாஸ்டரை நம்பலைன்னுதானே அர்த்தம்? அது அவருக்கு அவமானமில்லயா?"

"ஓடறப்போ இல்லம்மா" என்றாள் மேகலா. "மருந்து ஏறிட்டு இருக்கறப்போ அடிவயித்துல நின்னா மொத்தமும் நின்னுரும். அது எனக்கும் தெரியும். அதனாலதான் ஆரம்பத்துல, போர்டு மொத மொத வந்து ஒட்டறப்பவே கேக்கறேன். நீ எவ்வளவு பெருசுன்னு. சின்னதா இருந்தா ஓடவே ஆரம்பிக்காதேங்கறேன். ரோல் வந்து டேபிள்ல விரிச்சதும் நீ டயா அளப்பியில்ல, அந்த மாதிரி. ஒரே ஒரு தரம்."

டயா என்றால் பனியன் துணியின் அகலம். சாயப்பட்டறையிலிருந்து வருகிற ரோலில் முப்பத்திரண்டு என்று ஒட்டியிருப்பார்கள். விரித்து டேப்பை வைத்தால் முப்பதுதான் இருக்கும். சாயத்தில் சுருங்கியிருக்கும், இல்லாவிட்டால் வேறு யாருடைய ரோலையோ மாற்றி ஏற்றியிருப்பார்கள். அட்டையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், துணிதான் வேறு. அளக்காமல் வெட்டினால் ஆர்டரே போய்விடும். எங்கள் கம்பெனியில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் அது தெரியும். நான் திருப்பி அனுப்பாத ரோலா? "துளசியக்கா டேப்பை எடுத்தா லாரி ரிவர்ஸ் எடுத்துரும்" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஆனால் மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது என்ன சொல்வது? "அவமானந்தானுங்க மாப்ளை" என்றேன்.

மேகலா பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. எப்படியோ, இலையை எடுப்பதற்குள் சண்டையை முடித்து வைத்தேன்.

அவர் போன பிறகு போனுக்கு மேல் போன். அதுவும் முகம் பார்த்துப் பேசுகிற போன். "எங்கே இருக்கே, சுத்திக் காட்டு" என்பார். இவள் போனைத் தூக்கிக்கொண்டு கூடம், சமையல்கட்டு, மாடிப்படி என்று காட்டிக்கொண்டே நடப்பாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நானும் போனை வாங்கி, எப்படித் திருப்புவது என்று கற்றுக்கொண்டு, "இங்க பாருங்க மாப்ளை, கச்சாயம் சுடறேன்" என்று வாணலியைக் காட்டினேன். அவர் கச்சாயத்தைப் பார்க்கவில்லை. "பின்னாடி நிக்கறது யாரு அத்தை?" என்றார். சரசு வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்திருந்தார். எவ்வளவு கூர்மை பாருங்க.

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மேகலா துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, பஸ்ல போறப்போ பக்கத்துல யாருன்னு கேக்கறாரு. பொம்பளைன்னு சொன்னாலும் நம்பறதில்ல. போனை அவங்ககிட்டக் குடு, பேசட்டும்ங்கறாரு. முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட நான் எப்படிம்மா குடுக்கறது? குடுக்கலைன்னா அன்னைக்கெல்லாம் மூஞ்சி."

"காலம் கெட்டுக் கெடக்குது சாமி. அக்கறையில கேக்கறாரு" என்றேன். உண்மையைச் சொல்கிறேன் அம்மிணி, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் நான் இருக்கிறேனா போனேனா என்று ஒரு நாள் போன் பண்ணிக் கேட்டதில்லை.

அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பாக்க வேண்டிய எடத்துல பாக்காதேங்கறாரு. பாக்க வேண்டாத எடத்துல நிமிஷத்துக்கு ஒருக்காப் பாக்கறாரு" என்றாள். படித்த திமிர். புருஷனை இப்படியா பேசுவது? "நாங்க எல்லாம் பாத்துத்தான் உன்னைக் குடுத்தோம், நீ புதுசா ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். பெற்றவள் அதைத்தானே சொல்ல முடியும்?

அதற்கப்புறம் ஆவணி. ஆவணியில்தான் வினை வந்தது.

ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் புது பம்புகளைக் கொண்டுபோனார்கள். கம்பெனி டைரக்டரே கூடப் போயிருந்தார். டாக்டர்கள் எல்லாம் நிற்கிறார்கள். மாப்பிள்ளை சுவிட்சைப் போடுகிறார், பம்பு ஓடவில்லை. அடுத்ததைப் போடுகிறார், அதுவும் ஓடவில்லை. வரிசையாக எல்லாத்திலும் சிவப்பு விளக்கு. "போர்டு பொருந்தவில்லை" என்று திரையில் ஒரு வரி. வேறென்ன, இவள் எழுதின செக்கிங்! அதை எடுத்துவிடு என்று அவர் ஆடியிலேயே சொல்லியிருக்கிறார். இவள் எடுக்கவில்லை. டைரக்டரிடம் அவர் எடுத்தாச்சு என்று சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் அவர் முகம் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்க.

அன்றைக்கு சாயங்காலம், மாப்பிள்ளை என்னிடம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவள் எனக்குப் போன் பண்ணினாள். நான் கத்தினேன். "மிஷின் நின்னு போச்சாமே, உன்னாலதானாமே?" என்றேன்.

"நின்னதுதாம்மா அதோட வேலை" என்றாள். குரலே இல்லை அவளுக்கு. "வந்திருந்த போர்டு வேற. சப்ளையர் மாத்தி அனுப்பிட்டான். நாங்க எழுதினதை விட அது சின்னது. அது தெரியாம ஓடியிருந்தா, வேகத்தைக் கொறைன்னு நர்ஸம்மா அமுக்கறது போர்டுக்குள்ள இல்லாத எடத்துல போயி விழும். திரையில புது நம்பர் தெரியும். உள்ள பழைய வேகத்துலயே மருந்து ஏறிட்டு இருக்கும்."

துணி தீர்ந்த பிறகும் ஓடுகிற தையல் மிஷின் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் அதே சத்தம்தான் கேட்கும். ஊசி காற்றில் குத்திக்கொண்டிருக்கும். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏறிக்கொள்வாள் இல்லையா? "நர்ஸுக இருக்காங்கல்ல, அவங்க பாத்துக்க மாட்டாங்களா? உனக்கென்ன வந்துச்சு?" என்றேன்.

"அவங்க திரையைத்தானம்மா பாப்பாங்க?" என்றாள்.

அந்த வாரமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

தெக்கலூர் போச்சா? வேகமாகத்தான் ஓட்டுகிறான். கொஞ்சம் ஜன்னலை இழுத்து விடுங்க, காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. போதும், போதும்.

போன வாரம் மாப்பிள்ளையே எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமாக வருவார் என்று நான் பயந்து கிடந்தேன். இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காபியை வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகப் பேசினார். "அத்தை, நான் அவளை ஒண்ணும் சொல்லலை. திங்கக்கிழமை டைரக்டர் மீட்டிங் வெச்சிருக்காரு. அதுல 'என் தப்புதான், எடுத்துடறேன்'னு எல்லாரு முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கெழமையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

எவ்வளவு பெருந்தன்மை! ஒரே ஒரு வார்த்தை. அவர் படி இறங்கும்போது எனக்கு என்னவோ தோன்றி, "மாப்ளை, போர்டு நெசமாவே சின்னதாத்தான் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. அதுக்கென்ன?" என்றார்.

அதானே. அதுக்கென்ன? அது சப்ளையர் தப்பு. அதற்காகப் புருஷனைத் தலைகுனிய வைப்பதா? அன்றைக்கே நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். அதற்குத்தான் இந்தப் பயணம், இந்தக் கச்சாயம் எல்லாம். நான் ஹாஸ்டலுக்கு வருகிறேன் என்று சொன்னால் மேகலா ரூமை விட்டு வெளியே வரமாட்டாள். அதனால், "காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வா கண்ணு, உன்னைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, பையைத் தூக்க முடியலை" என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையும் அங்கே காரோடு வந்து நிற்பார். அது அவளுக்குத் தெரியாது. நடுவில் நான் நிற்பேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஜனத்துக்கு நடுவே சத்தம் போடவா போகிறாள்? கையைப் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டால் முடிந்தது. நாளைக்கு மீட்டிங், ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஏன் அம்மிணி அப்படிப் பார்க்குறீங்க? பெற்ற பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பேனா? எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தோம். பார்த்துக் கொடுத்தது கெட்டுப் போகுமா?

இருங்க, போன் அடிக்குது. சரசுவாக இருக்கும், கேஸ்… இல்லை, மாப்பிள்ளை.

"சொல்லுங்க மாப்ளை… ஆமாங்க, பஸ்லதான்… கவர்ன்மெண்ட் பஸ்சுங்க… நம்பரா? ஏறறப்போ பாக்கலீங்களே… சன்னலுக்கு இந்தப் பக்கம்… தனியாத்தான் வாரேன்… அவகிட்ட ஒண்ணும் சொல்லலீங்க மாப்ளை. சாமி சத்தியமா. எதுக்குச் சொல்லப் போறேன்?… பேச்சுச் சத்தமா? அது பக்கத்துல ஒரு அம்மிணி… இல்லீங்க, யாருன்னு தெரியாது, பஸ்ல பாத்ததுதான்… மேகலாவா? அவ எப்படிங்க இங்க வருவா? அது வேற அம்மிணிங்க… நெசந்தானுங்க… எதுக்குங்க?… அவங்ககிட்டயா?"

அம்மிணி, ஒரு நிமிஷம். போனை உங்ககிட்டக் குடுக்கச் சொல்றார். நீங்க மேகலா இல்லைன்னு… ஒரு வார்த்தை பேசினாப் போதுமாம்.

வேண்டாங்களா?

ஆமா. நீங்க எதுக்குப் பேசோணும்?

"மாப்ளை… அந்த அம்மிணி எறங்கிருச்சுங்க… இப்பத்தான், இந்த ஸ்டாப்புல… ஸ்டாப் பேரு தெரியலீங்க… நான் எதுக்குங்க பொய் சொல்றேன், என்ர வயசுக்கு… வீடியோவா? அது எனக்குப் போடத் தெரியாதுங்க மாப்ளை. நெசமாத் தெரியாதுங்க… எங்க வந்துட்டு இருக்கேனா?"

நீலாம்பூர் தாண்டிருச்சுங்களா அம்மிணி? அது ஏர்போர்ட் போர்டுதானே?

"இன்னும் கருமத்தம்பட்டியே வரலீங்க மாப்ளை. டயர் பஞ்சர்னு நிறுத்திட்டான். நேரமாகும்போல இருக்குது… செரிங்க… செரிங்க. சார்ஜ் இல்லீங்க, வெச்சுடறேன்."

பாருங்க, போன் கையை விட்டு நழுவப் பார்த்தது. பஸ் குலுக்கல்தான். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பியது வேறு. எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன், கம்பெனி மேனேஜர், ஆர்டர் கொடுக்கிற பையர் எல்லாரிடமும். யாரும் என்னை இப்படி ஒன்று ஒன்றாகக் கேட்டதில்லை. நான் அவருக்கு அத்தை. நான் அவருக்காகத்தான் வருகிறேன். அவர் சொன்னதைத்தான் செய்கிறேன். எனக்கே இப்படி என்றால்…

அவள் பாத்ரூமில் டேப்பைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா அம்மிணி? போதும். நல்லா இருப்பீங்க.

ஹோப்ஸ் ஸ்டாப் எப்போது வரும்? அடுத்ததா? பீளமேட்டு ஹாஸ்டலுக்கு அங்கே இறங்கினாலும் போகலாம்தானே? இருங்க, இன்னொரு போன். இது மட்டும்தான்.

"கண்ணு, எங்கடா இருக்கே?… கெளம்பிட்டியா? வேண்டாம், வேண்டாம். காந்திபுரம் வராதே. நான் ஹோப்ஸ்லயே எறங்கிக்கறேன். நீ அங்க வந்துரு… ஒண்ணுமில்ல, கால் வலி. அவ்வளவு தூரம் உக்கார முடியல… ஏன் எதுக்குன்னு கேக்காதே மேகலா, சொன்னாக் கேளு. அவரு போன் பண்ணினா எடுக்காதே… யாருன்னா? அவருதான். எடுக்காதே. நான் நேர்ல சொல்றேன்… அந்தச் செக்கிங்கு… அதை எடுத்துட்டியா?"

"…எடுக்கலயா?"

"செரி. இருக்கட்டும். எடுக்காதே."

என்ன பார்க்குறீங்க அம்மிணி? கால் வலிக்குது என்றுதான் இறங்குகிறேன். வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தோம், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வந்த துணியை ஒரு தரம் விரித்துப் பார்க்க வேண்டாமா? எங்கள் கம்பெனியில் நேற்று வந்தவளுக்கும் தெரியும் அது.

கண்டக்டர் தம்பி, ஹோப்ஸ்ல ஒண்ணு நிறுத்துங்க! ஆமாம், காந்திபுரம் டிக்கெட்தான், பரவாயில்லை, நிறுத்துங்க.

அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க அம்மிணி. உள்ளே போன் அடிக்கிறதா? சரசுவாக இருக்காது, அவள் இரண்டு தரம் அடித்ததும் வைத்துவிடுவாள். அடிக்கட்டும். இந்தாங்க, கச்சாயம் இரண்டு எடுத்துக்கங்க. பாருங்க, நசுங்கவே இல்லை. எடுத்துக்கங்க, இனி இதை யாருக்குக் கொண்டுபோகிறேன்?